இடப்பக்கச் சுண்ணாம்பு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அலுவலக அறையில் மூன்று பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் முதலாளி லிம். நாங்கள் அவரைத் தவுக்கே என்போம். ஜன்னலோரம் எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் ஆரோக்கியசாமி. கதவருகே நாற்காலி நுனியில் நான். இருக்க வேண்டியவர் ஒருவர் இல்லை. சோதனை ஸ்கூட்டரோடு விழுந்த தனபாலன், அப்போது மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் இடது கணுக்காலில் இரும்புத் தகடு வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

மேசைமேல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒன்றரைப் பக்கம். கடைசி வரி, ஓட்டியவர் அளவுக்கு மீறிச் சாய்த்ததே விபத்துக்குக் காரணம் என்றது. கீழே மூன்று கோடுகள். முதல் கோட்டில் ஆரோக்கியசாமியின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது தவுக்கேவுக்கு. மூன்றாவது, சோதனைகளைப் பதிவு செய்த எனக்கு. நான் கையெழுத்துப் போட்டால் தனபாலனுக்கு வேலை இல்லை. படுத்திருக்கும் மாதங்களுக்குச் சம்பளமும் இல்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அப்போதுதான் ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும்.

"சைன் லா," என்றார் தவுக்கே.

நான் பேனாவை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. போன மாதம் மட்டும், கடைசியாக என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார்கள். மின்சார மோட்டார் சைக்கிள் செய்யும் இடத்தில் சேர்ந்திருக்கிறார்களாம். மோட்டாரை எவ்வளவு கீழே இறக்கலாம், தரையிலிருந்து எவ்வளவு இடைவெளி போதும் என்று கேட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு பட்டணத்து இடைநிலைப் பள்ளி, பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம். இயந்திர வரைபடம் படிக்கத் தெரியும், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும் என்ற தாளோடு எண்பதுகளின் கடைசியில் செங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். மோட்டார் சைக்கிளுக்குக் கால்மிதி, ஸ்டாண்டு, பின்னிருக்கைக் கம்பி செய்யும் இடம். வேலை நியமனக் கடிதத்தை அம்மா கண்ணாடி போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். அதில் 'இரண்டு வருடத்துக்குப் பின் நிரந்தரம் செய்யப்படும்' என்று இருந்தது அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஆரோக்கியசாமியை எல்லாரும் ஆரோ சார் என்றுதான் கூப்பிடுவார்கள். மலாக்கா பட்டணத்துத் தெங்கேராக்காரர். சலவை செய்த வெள்ளைச் சட்டையின் பையில் இரண்டு பென்சில், ஒரு சிறிய கைத்துண்டு. எஃகு அளவுகோலை எடுத்தால் முதலில் கைத்துண்டால் துடைப்பார். அளந்த பிறகும் துடைப்பார். கட்டளை ஆங்கிலத்தில் வரும், திட்டு தமிழில் வரும், தவுக்கேவிடம் மலாயில் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தினமும் மாலை ஐந்தேகாலுக்கு டிரில் பிட்டுகளை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு தடவை குறைந்த பிட்டு அவருடைய சொந்த மேசை இழுப்பறையிலேயே கிடைத்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. "நல்லவேள, எண்ணினேன்," என்றார்.

என்னிடம் முதல் வாரத்திலேயே சொன்னார். "தம்பி, படத்த நம்பாத. சொல்றவன நம்பாத. கண்ணால பார்த்தத எழுது, அதுக்குக் கீழ சைன் பண்ணு."

நான் அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டேன். படித்தவன் என்ற நினைப்பு வேறு. யாரைப் பார்த்தாலும் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும் அளவுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாவது வருடம் தவுக்கேவுக்கு ஓர் ஆசை வந்தது. கடற்கரை விடுதி ஒன்று, உள்ளே ஆட்களும் துணிமூட்டைகளும் போக வர, புகையும் சத்தமும் இல்லாத ஸ்கூட்டர்கள் கேட்டதாம். மின்சார ஸ்கூட்டர். முதலில் மூன்று, பிடித்தால் நாற்பது.

வண்டியின் சிக்கல் பேட்டரி. ஈயமும் அமிலமும் கொண்ட நான்கு கனத்த பெட்டிகள் இருக்கைக்கு அடியில் உட்கார்ந்தன. பாரம் மேலே ஏறியதால் வண்டி தள்ளாடியது. ஈடுகட்ட ஆரோ சார் மோட்டாரைக் கால்பலகைக்குக் கீழே, எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினார். குறுக்கே படுத்த உருளை அது, முந்நூற்றுப் பத்து மில்லிமீட்டர் நீளம். வலது முனையில் சங்கிலி, இடது முனையில், உள்ளே மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகளை மூடும் இரும்பு மூடி. பாரம் இறங்கியது, வண்டி நின்றது. ஆனால் இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது சாயும். சாய்ந்தால் அந்த உருளையின் ஏதாவது ஒரு முனை தரையை நோக்கி இறங்கும். முனை தரையில் குத்தினால் பின்சக்கரம் தூக்கும். தூக்கிய சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. ஆரோ சாரின் விதி ஒன்றே ஒன்று: டயரின் ஓரம் தரையைத் தொடும்வரை வேறு எதுவும் தொடக்கூடாது.

வரைபடத்தில் கணக்குப் போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"படத்துல ஸ்பிரிங் அமுங்குமா? டயர் நசுங்குமா? ஆள் ஏறி உட்காருவானா?" என்றார். "சாக்பீஸ் எடு."

சுண்ணாம்புக் கட்டியைத் தண்ணீரில் குழைத்து மோட்டாரின் இரண்டு அடிமுனைகளிலும் பூச வேண்டும். காய்ந்ததும் ஓட்டம். திரும்பி வந்ததும் படுத்துப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு அழிந்திருந்தால் தரை தொட்டது என்று பொருள். அவர் கோடு போட்டுத் தந்த சோதனைச் சீட்டில் நான்கே கட்டங்கள்: தேதி, சுற்று எத்தனை, இடது, வலது.

ஓட்ட இடம்தான் இல்லை. தொழிற்சாலை வளாகம் முழுக்க லோரிகள். பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில், பெரிய சடக்கில் விட முடியாது. அப்போதுதான் தனபாலன் சொன்னார், அலோர் காஜா பக்கம் தாம் பிறந்த தோட்டத்தில் இடம் இருக்கிறது என்று. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ஆட்கள் போய்விட்டார்கள். ரப்பர்ப் பால் ஸ்டோருக்கு முன்னால் லோரி வளைவதற்காகப் போட்ட வட்டமான சிமெண்டுத் தளம் மட்டும் விரிசலில்லாமல் இருக்கிறது. காவலாளி அவருக்குத் தெரிந்தவர்.

தனபாலன் அண்ணன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், எங்களிடம் ஸ்டோரில் வேலை. ஒல்லி. ஒரு சிமெண்டு மூட்டை எடைதான் இருப்பார். அதையும் அவரே சொல்லுவார். "என்னையும் மூட்டையையும் பக்கத்துல வச்சா தவுக்கே மூட்டையத்தான் மொதல்ல தூக்குவாரு. அதுக்கு வெல இருக்குலா."

வாரம் ஒரு நாள் ஸ்கூட்டரை லோரியில் ஏற்றிக்கொண்டு போவோம். வட்டத்தின் நடுவே ஒரு மரம், மரத்தடியில் முனியாண்டி. சிறிய மேடை, மூன்று சூலம், மழையில் வெளுத்த சிவப்புத் துணி. தோட்டமே போய்விட்டாலும் யாரோ எண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். தனா அண்ணன் சூடம் ஏற்றி, வண்டிக்குக் காட்டி, ஒரு சிமெண்டு மூட்டையைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு கிளம்புவார். ஆரோ சார் லோரியின் முன்னிருக்கையில் ஃபிளாஸ்க் கோப்பியோடு உட்கார்ந்திருப்பார். கிறிஸ்துவர், ஆனால் சூடம் எரியும் நேரத்தில் மட்டும் கோப்பியைக் குடிக்காமல் கையில் வைத்திருப்பார்.

இருபது சுற்று. அண்ணன் வண்டியை நன்றாகச் சாய்த்து ஓட்டுவார். நான் நடுவில் நின்று எண்ணுவேன்.

முதல் நாளே வலப்பக்கச் சுண்ணாம்பு அழிந்துவிட்டது. இடப்பக்கம் பூசியது பூசியபடி. அடுத்த தடவையும் அப்படியே. சங்கிலிப் பக்கத்தில் கொஞ்சம் இரும்பைத் தேய்த்துப் பார்த்தோம். மறுபடியும் வலது அழிந்தது, இடது வெள்ளை வெளேர் என்று இருந்தது.

அப்போது நான்தான் சொன்னேன். "சார், எடப்பக்கம் எடம் நெறைய இருக்கு. மோட்டார அப்படியே எடது பக்கம் தள்ளிட்டா?"

ஆரோ சார் சீட்டுகளைப் பார்த்தார். நான்கு நாள் சீட்டு, நான்கிலும் 'இடது: தொடவில்லை', என் கையெழுத்து. "எத்தன மில்லி?" என்றார்.

"இருபத்தஞ்சு சார்."

சங்கிலிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பித்தளை வளையம் கொடுத்து, மோட்டாரை இருபத்தைந்து மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளினோம். அந்த வாரம் இருபது சுற்று முடிந்து நான் படுத்துப் பார்த்தேன். வலப்பக்கமும் தொடவில்லை. இடப்பக்கமும் தொடவில்லை. டயரின் வலப்பக்கம் ஓரம் வரை தேய்ந்திருந்தது. ஆரோ சார் லோரியிலிருந்து இறங்கி வந்து, ஃபிளாஸ்க் மூடியில் இருந்த கோப்பியை எனக்குக் கொடுத்தார். அவர் யாருக்கும் கோப்பி கொடுத்து யாரும் பார்த்ததில்லை. "பெரிய ஆளாயிட்டடா," என்று தனா அண்ணன் என் முதுகில் தட்டினார். "இனிமே நீயும் டிரில் பிட்டு எண்ணலாம்."

விபத்து நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். விடுதியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஓட்டிக் காட்டச் சொன்னார் தவுக்கே. வாசலிலிருந்து கிளம்பி, தொழிற்பேட்டையின் உள்சடக்கில் எங்கள் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாசலுக்கே வர வேண்டும். தனா அண்ணன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். நான் உள்ளே இருந்தேன். இரும்பு உரசும் ஒரு சத்தம், பிறகு யாரோ கத்துவது. ஓடிப் போனபோது ஸ்கூட்டர் கால்வாய் ஓரம் கிடந்தது. அண்ணனின் கால் அதற்கு அடியில். விடுதிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தார்மேல் இரண்டு முழ நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல். இடது மூடி பிளந்திருந்தது.

அன்று மாலையிலிருந்து தொழிற்சாலையில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஆரோ சார் தொழிற்சாலைக் காவலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, தனபாலன் மதியம் எங்கே சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று கேட்டதை நான் கேட்டேன். ஸ்டோரில் இருந்தவர்கள், விடுதி ஆர்டரைக் கெடுக்க யாரோ சங்கிலியைத் தளர்த்திவிட்டார்கள் என்றார்கள். எனக்கு ஆரோ சார் மேல்தான் சந்தேகம். பின் ஸ்பிரிங் பெட்டியின் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வண்டி தாழ்ந்திருக்கும். அவர் மாற்றியிருக்கலாம், மலிவானதை வாங்கியிருக்கலாம். ஐந்து வாரமாகத் தொடாத முனை அன்றைக்கு மட்டும் ஏன் தொட்டது? யாரோ எதையோ மாற்றியிருக்க வேண்டும். இது எனக்கு அவ்வளவு உறுதியாக இருந்தது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. எல்லாரும் போன பிறகு பட்டறையில் தங்கி வண்டியைச் சோதித்தேன். ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்தான். நான் அடையாளத்துக்குப் போட்ட பெயிண்ட் பொட்டு இருந்தது. போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. சங்கிலி சரி. கடைசியாகப் பின்டயரைப் பார்த்தேன். டயரின் இடப்பக்க ஓரத்தில், புது டயரில் முடி போல நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முள்ளுகள், அவை ஒன்றுகூடத் தேயாமல் நின்றன. நூறு சுற்று ஓடிய டயர் அப்படி இருக்க முடியாது. டயரை மாற்றிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன்: டயர் மாற்றம். யார்?

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி பிள்ளைகளோடு வெளியே பெஞ்சில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "தம்பி, அவரு தப்புன்னு எழுதிட்டாங்களாமே. நீங்கதான் எழுதுறவரு இல்லையா?" என்றார். நான் உள்ளே போனேன்.

தனா அண்ணன் கால் தூக்கிக் கட்டியிருந்தது. முகம் கறுத்திருந்தது.

"குடிச்சியான்னு கேக்க வந்தியா?" என்றார்.

"இல்லண்ணே."

"நேத்து ஆரோ வந்து வாய மோந்து பாக்காத கொறதான். ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு. எண்ணிப் பாத்துட்டுதான் வச்சாரு."

நான் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லச் சொன்னேன்.

"வாசல்லேருந்து எடது. மெதுவா எடுத்தேன். அப்புறம் மூலையில எடது. சரியாத்தான் இருந்துச்சு. மூணாவது மூலையில அவங்க ரெண்டு பேரும் நின்னு பாத்துட்டு இருந்தாங்க. தவுக்கே வேற கைய ஆட்டுறாரு. சரி, நல்லா சாச்சுக் காட்டுவோம்னு சாச்சேன். கீழேருந்து யாரோ கம்பிய வச்சு நெம்புன மாதிரி இருந்துச்சுடா. அவ்வளோதான்."

"தோட்டத்துல இப்படிச் சாச்சீங்கல்ல?"

"இத விட அதிகமா சாச்சேன். ஆனா..." என்று நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். "அங்க எங்கடா எடது?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் வலது கையைத் தூக்கி ஆட்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார், கடிகார முள் போகும் பக்கமாக. மறுபடியும் போட்டார்.

"நடுவுல சாமி," என்றார்.

யாரும் எதையும் மாற்றவில்லை. அது அதே டயர்தான். முனியாண்டி நடுவில் இருந்தார். அண்ணன் அவரை வலம் வந்தார். நூறு சுற்றில் ஒன்றுகூட மறுபக்கமாக இல்லை. சாமியை இடப்பக்கமாகச் சுற்றுவது சாவு வீட்டுக் காரியம் என்று எங்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் யோசிக்கவில்லை. நடுவில் நின்று எண்ணிய நானும் யோசிக்கவில்லை. எனக்கு அது ஓட்டும் முறை என்றே தோன்றவில்லை. வேறு பக்கமாகவும் சுற்றலாம் என்பதே மனத்தில் இல்லை.

வலம் வந்தால் வண்டி வலப்பக்கம் மட்டும்தான் சாயும். வலது சுண்ணாம்பு அழிந்தது அதனால்தான். இடது சுண்ணாம்பு தரையைத் தொடவில்லை என்று நான் எழுதியது உண்மை. தொடுவதற்கு ஒரு வாய்ப்புக்கூட நாங்கள் கொடுக்கவில்லை. அந்தச் சுண்ணாம்பை நம்பித்தான் மோட்டாரை அந்தப் பக்கமே தள்ளச் சொன்னேன். நம் நாட்டில் சடக்கின் இடப்பக்கம் போகிறோம். முக்கில் இறுக்கமாக வளைவது இடது திருப்பம்தான். கட்டடத்தைச் சுற்றினாலும் இடது, இடது, இடது.

"நீ சொன்ன அந்த இருபத்தஞ்சு மில்லி," என்றார் அண்ணன் மெல்ல. அவருக்கும் புரிந்துவிட்டது. திட்டவில்லை. "எடம் காட்டுனது நான். தள்ளச் சொன்னது நீ. சாமிக்குத் தெரியுமாடா மோட்டாரத் தள்ளுனது?"

திங்கட்கிழமை விடிந்ததும் பட்டறைக்குப் போனேன். மூடியைத் தட்டி நேராக்கினேன். இரண்டு சிமெண்டு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கட்டினேன், ஒன்று தனா அண்ணனுக்குப் பதிலாக. ஸ்பிரிங் அமுங்கி மோட்டாரின் அடி தரையிலிருந்து தொண்ணூற்றைந்து மில்லிமீட்டரில் நின்றது. வெறும் வண்டியில் அது நூற்று முப்பத்தைந்து. கைப்பிடியில் தூக்குக்குண்டு, பக்கத்தில் பாகைமானி. உத்தரத்தில் கயிறு கட்டி, வண்டியை மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்த்தேன். மோட்டார் முனைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து இழுத்துக்கொண்டே இருந்தேன். தாள் இறுகிய இடம் முப்பத்தைந்து பாகை. இடப்பக்கம் சாய்த்தேன். இருபத்தெட்டரை.

தாளை மறுபடி வைத்தேன். மறுபடி இருபத்தெட்டரை. டயரின் ஓரம் தரையைத் தொட இன்னும் இடம் இருந்தது.

"யாரு கேட்டு அளக்கற?"

ஆரோ சார் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன். சொன்னால் முதலில் போவது என் வேலை என்று தெரியும். நிரந்தரமாக இன்னும் ஏழு வாரம் இருந்தது. டயரைக் காட்டினேன். இடப்பக்க முள்ளுகளை விரலால் தடவச் சொன்னேன். முனியாண்டியைச் சொன்னேன். இருபத்தைந்து மில்லிமீட்டர் என் யோசனை என்பதை, அவருக்குத் தெரிந்ததுதான் என்றாலும், வாயால் சொன்னேன்.

அவர் குனிந்து டயரைத் தடவினார். கைத்துண்டால் விரலைத் துடைத்தார். "நான் லோரியில உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தேன்," என்றார், யாரிடமோ சொல்வது போல. "ஒரு பக்கமாவே ஓட்டறான்னு மொத நாளே கண்ணுல பட்டுச்சு. அந்தப் பக்கம் நாளைக்கு ஓட்டுவான்னு நெனச்சேன். உங்க சாமி காரியம், நான் என்ன கேக்கறதுன்னு..." முடிக்காமல் போய்விட்டார். அறிக்கையைத் திரும்ப வாங்குவாரா, என்னை மாட்டிவிடுவாரா என்று எனக்குத் தெரியாது. இரவு முழுக்க, மாட்டிவிடுவார் என்றே நினைத்தேன்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை, அவருடைய கையெழுத்தோடு அதே அறிக்கை மேசைமேல் இருந்ததைப் பார்த்ததும் நான் ஆச்சரியப்படவில்லை.

"சைன் லா," என்று இரண்டாம் தடவை சொன்னார் தவுக்கே.

"முடியாது, தவுக்கே," என்றேன். பைக்குள்ளிருந்து சோதனைச் சீட்டுகளையும் திங்கட்கிழமை அளந்த தாளையும் எடுத்து வைத்தேன். "இடப்பக்கம் நாங்க சோதிக்கவே இல்ல. சோதிச்ச மாதிரி நான் எழுதியிருக்கேன். மோட்டார அந்தப் பக்கம் தள்ளச் சொன்னதும் நான்தான். தனபாலன் சாய்ச்சது சரியான அளவு."

தவுக்கே ஆரோ சார் பக்கம் திரும்பினார். "இனி சாலா சியாபா?" இது யார் தவறு என்று.

ஆரோ சார் எழுந்து மேசைக்கு வந்தார். அறிக்கையைத் தம் பக்கம் திருப்பினார். பையிலிருந்து பென்சிலை எடுத்தார், பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டு என் பேனாவை எடுத்தார். கடைசி வரியை ஒரே கோட்டில் அடித்தார். தம் கையெழுத்தையும் அடித்தார். பிறகு என் ஐந்து சோதனைச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, மேலதிகாரி பார்வையிட்டார் என்ற இடத்தில் இருந்த தம் சிற்றொப்பத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "சாயா ஜுகா," என்றார். என்னுடையதும்தான்.

தவுக்கே கோபக்காரர். என்னென்னவோ சொன்னார். கடவுளை நடுவில் வைத்து வண்டி சோதிக்கும் மடையர்களை இந்த உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை என்றார். மறுபடியும் அந்தத் தோட்டத்துப் பக்கம் லோரி போனால் இருவரையும் அங்கேயே இறக்கிவிடச் சொல்லுவேன் என்றார். ஆனால் தனபாலனின் பெயர் இல்லாத புதிய அறிக்கையில் அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். ஐந்து மாதச் சம்பளமும் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் அண்ணனுக்குக் கிடைத்தன. என் நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப் போனது. விடுதிக்காரர்கள் திரும்பி வரவில்லை. மூன்று ஸ்கூட்டர்களையும் சரிசெய்தோம். ஒன்றைத் தொழிற்சாலைக் காவலாளி பல வருடம் ஓட்டினார், இரண்டு பக்கமும் சாய்த்து.

அதற்குப் பிறகு சோதனைச் சீட்டில் ஆறு கட்டங்கள் வந்தன. இடப்பக்கம் எத்தனை சுற்று, வலப்பக்கம் எத்தனை சுற்று. ஓய்வு பெறும்வரை எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் அந்த இரண்டு கட்டங்களைத்தான் முதலில் பார்த்தேன். நிரப்பியிருந்தாலும் நம்ப மாட்டேன். டயரைத் தடவிப் பார்ப்பேன். சின்னப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். படம் அனுப்பிய அந்த இருவருக்கும் நான் எழுதிய பதில், டயரின் இரண்டு பக்கப் படத்தையும் முதலில் அனுப்புங்கள் என்பதுதான். இன்னும் அனுப்பவில்லை.

தனா அண்ணன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நொண்டிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். கணுக்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரிசெய்த ஸ்கூட்டரின் பக்கத்தில் கஷ்டப்பட்டுக் குனிந்து அடியில் பார்த்தார். மோட்டாரைப் பழைய நடுவுக்கே கொண்டுவந்து, நாற்பத்தைந்து மில்லிமீட்டர் மேலே தூக்கியிருந்தோம். அதற்காகக் கால்பலகையில் ஒரு சின்ன மேடு.

"இவ்வளோதானா?" என்றார்.

"இவ்வளோதாண்ணே."

"எவ்வளோ ஆச்சு இத மாத்த?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. என் சட்டைப் பையில் நான் எப்போதும் செலவுச் சீட்டு வைத்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். இரும்புத் தகடு இரண்டு, போல்ட் நான்கு, சங்கிலிக் கண்ணி மூன்று, பற்றவைப்புக் கம்பி. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனார். கூட்டலில் விரல் நின்றது. அதைச் சத்தமாகப் படித்தார்.

"முப்பத்தெட்டு ரிங்கிட் நாப்பது சென்."